37 வயதில் வலைப்பந்து: முதலில் நிற்கப் பழகுங்கள்

கேள்வி: எனக்கு 37 வயது. லண்டன் ஹரோவில் இருக்கிறோம். இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்கு ஒன்பது, இளையவனுக்கு நாலு. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் வலைப்பந்து அணியில் சேர எனக்குப் பெரிய ஆசை. "உயரம் காணாது" என்று சேர்க்கவில்லை. நான் ஐந்தடி ஓரங்குலம். இப்போது என்னோடு வேலை செய்யும் பெண்கள் கிழமைக்கு ஒரு பின்னேரம் 'பாக் டு நெட்போல்' என்ற பயிற்சிக்குப் போகிறார்கள். என்னையும் வரச் சொல்கிறார்கள். படி இறங்கும்போது இடது முழங்கால் சில நேரம் நோகும். உடம்பும் கொஞ்சம் வைத்துவிட்டது. எடையைக் குறைத்துவிட்டுப் போகலாமா? குட்டைப் பாவாடை கட்டாயமா? விதிகளும் மறந்துபோச்சு. கணவர், "இந்த வயதில் காலை முறித்துக்கொண்டு வந்து படுக்கப் போகிறாயா?" என்கிறார். மகள் தானும் வருவேன் என்று நிற்கிறாள். எங்கிருந்து தொடங்குவது?

— ஹரோ வாசகி

பதில்: விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் இயன்மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். எடை குறையும்வரை காத்திருக்க வேண்டாம். பாவாடை கட்டாயமில்லை. முழங்காலைப் பற்றி மட்டும் கொஞ்சம் கதைக்க வேண்டும். உங்களைப் போல நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஆடுகளத்துக்குப் போகிற பெண்களை நான் பெரும்பாலும் காயப்பட்ட பிறகுதான் சந்திக்கிறேன். நீங்கள் போவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள், ஆகவே நீட்டியே எழுதுகிறேன்.

உயரத்தில் தொடங்குவோம், உங்களை அன்று தடுத்தது அதுதானே. வலைப்பந்து என்றதும் எங்கள் ஆட்களுக்கு நினைவு வருவது தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்துப் பெண், 208 சென்ரிமீற்றர் உயரம். வளையத்துக்குக் கீழே அவர் நின்று கையை உயர்த்தினால் பந்து அவரிடம்தான். 2009, 2018, 2022 என்று இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்ற ஆண்டுகளில் முன்னுக்கு நின்றவர் அவர். கடைசி வெற்றியின்போது அவருக்கு நாற்பது வயது ஆகியிருந்தது என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லி வையுங்கள். ஆனால் அவரைப் பார்த்துப் பார்த்து, உயரம் இல்லாவிட்டால் வலைப்பந்தே இல்லை என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறிவிட்டது. அது பிழை.

ஒரு அணியில் ஏழு பேர். அதில் உயரம் உண்மையாகவே பெரிய உதவியாக இருப்பது இரண்டு முனைகளிலும்தான்: கோல் போடும் கோல் ஷூட்டர், அவரை மறிக்கும் கோல் கீப்பர். நடுக்களத்தில் ஆடும் மூன்று பேருக்கு, அதாவது விங் அற்றாக், சென்ரர், விங் டிபென்ஸ் ஆகியோருக்கு, வேண்டியது வேறு. சட்டென்று திசை மாற்றும் கால், வெறும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கண், பந்தை நேரத்துக்குக் கொடுக்கும் கை. ஐந்தடி ஓரங்குலத்துக்கு அந்த மூன்று இடங்களும் திறந்தே இருக்கின்றன. பொழுதுபோக்காக ஆடும் மட்டத்தில், கோல் போடக்கூடிய மற்ற இடமான கோல் அற்றாக்கும் முடியும். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கூடைப்பந்தில் இருப்பதுபோல் பின்னால் பலகை கிடையாது. மறிக்கிறவர் கோல் போடுபவரின் தரையூன்றிய காலிலிருந்து குறைந்தது 0.9 மீற்றர், அதாவது மூன்றடி, தள்ளித்தான் நிற்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் அமைதியாகக் குறிபார்த்து எறியப் பழகிய குள்ளமான பெண்கள், அவசரப்படும் நெட்டையர்களைவிட அதிகமாகக் கோல் போடுவார்கள்.

முதல் சில கிழமைகளுக்கு உங்களுக்கு நான் சொல்லக்கூடிய இடம் விங் டிபென்ஸ். ஆடுகளம் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம். குறுக்காக மூன்று பகுதிகளாகப் பிரித்திருக்கும். விங் டிபென்ஸ் தன் அணி மறிக்கும் பகுதியிலும் நடுப்பகுதியிலும் ஆடுவார், வளையத்தைச் சுற்றியுள்ள கோல் வட்டத்துக்குள் போக முடியாது. ஓட்டம் அளவாக இருக்கும், ஆட்டம் எப்படி நகர்கிறது என்று பார்க்க நேரமும் கிடைக்கும். "நீ சின்ன ஆள், சென்ரர் ஆடு" என்று யாராவது உடனே தள்ளிவிடப் பார்ப்பார்கள். சென்ரர் இரண்டு கோல் வட்டங்களையும் தவிர்த்து முழு ஆடுகளமும் ஓடுபவர். பத்து வருடம் ஓடாத உடம்புக்கு முதல் நாளே அது வேண்டாம்; சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

சரி, விதிகள். எல்லாவற்றையும் பாடமாக்கத் தேவையில்லை. பந்து கையில் வந்தால் மூன்று செக்கனுக்குள் விட்டுவிட வேண்டும். ஓடிக்கொண்டே தட்டித் தட்டிக் கொண்டுபோக முடியாது. மூன்று பகுதிகளில் ஒன்றை முழுதாகத் தாண்டிப்போகும்படி எறியக் கூடாது. ஒவ்வொரு பகுதியிலும் ஒருவர் தொட்டாக வேண்டும். மார்பிலும் முதுகிலும் உங்கள் இடத்தின் எழுத்து போட்ட பிப் ஒன்றை மாட்டிவிடுவார்கள். அந்த எழுத்துக்கு உரிய எல்லைக்குள்தான் நிற்கலாம். தொடக்கத்தில் இவ்வளவு போதும், மற்றதெல்லாம் விசில் ஊதும்போது தானாக விளங்கும். (இந்த விதிகளை நாடுகளுக்குப் பொதுவாக்குவதற்கான கூட்டம் 1960இல் நடந்தது இலங்கையில்தான். இங்கே ஆங்கிலேயப் பெண்கள் தங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு என்று பெருமைப்படும்போது மெல்ல எடுத்துவிடலாம்.)

ஒரே ஒரு விதியை மட்டும் வடிவாகத் தெரிந்துகொண்டு போங்கள், கால் விதி. பந்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் இறங்கினால் அந்தக் கால்தான் உங்கள் ஊன்றிய கால். மற்றக் காலை எந்தத் திசையிலும் வைக்கலாம், ஊன்றிய காலில் சுழலலாம். ஊன்றிய காலைத் தூக்கவும் செய்யலாம். ஆனால் அது திரும்பத் தரையில் படுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். இரண்டு காலும் ஒரே நேரத்தில் இறங்கினால் எது ஊன்றிய கால் என்பது உங்கள் விருப்பம்.

கூடைப்பந்து ஆடுபவர் பந்தோடு இன்னும் இரண்டு எட்டு வைத்து வேகத்தைக் கரைக்கலாம். உதைபந்து ஆடுபவர் ஓடிக்கொண்டே இருக்கலாம். வலைப்பந்தில் முழு வேகத்தில் ஓடி, பாய்ந்து, பந்தைப் பிடித்த அந்தக் கணத்திலேயே நின்றுவிட வேண்டும். ஓடிவந்த வேகம் எங்கே போகும்? கணுக்கால், முழங்கால், இடுப்பு, இந்த மூன்றும்தான் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். இறங்கும் கணத்தில் காலில் ஏறும் விசை உடல் எடையின் நான்கு மடங்கு வரையும், சிலவேளை அதற்கு மேலும் போகும். எனக்கு முன்னால் வந்து உட்காரும் வலைப்பந்துக்காரிகளில் பலர் யாரோடும் மோதி விழுந்தவர்கள் அல்லர். "யாருமே கிட்ட இல்லை, பந்தைப் பிடித்து இறங்கினேன், அவ்வளவுதான்" என்பார்கள்.

ஆகவே எறியவும் பிடிக்கவும் பழகுவதற்கு முன்னால் நிற்கப் பழகுங்கள். எறிவது பிடிப்பதெல்லாம் பயிற்றுநர் சொல்லித்தருவார், உங்கள் கைக்குப் பழைய ஞாபகமும் கொஞ்சம் இருக்கும். இறங்கி நிற்பதை மட்டும் பலர் தற்செயலுக்கு விட்டுவிடுகிறார்கள்.

எப்படி இறங்குவது? முழங்காலும் இடுப்பும் மடிந்தபடி, சத்தமில்லாமல். தரையில் 'தொம்' என்று கேட்டால் விசை முழுவதும் எலும்பிலும் மூட்டிலும் போகிறது, மெல்லிய சத்தம் கேட்டால் தசை அதை வாங்குகிறது. காது கொடுத்தாலே உங்கள் இறக்கத்தை நீங்களே திருத்திக்கொள்ளலாம். முழங்கால் இரண்டாவது கால்விரலுக்கு நேராக முன்னோக்கிப் போக வேண்டும். உள்பக்கமாகச் சரிந்து மற்ற முழங்காலைத் தேடிப் போகக் கூடாது. கால் நேராக விறைத்திருக்க, முழங்கால் உள்ளே சரிய, உடம்பு ஒரு பக்கம் திரும்ப, இந்த மூன்றும் ஒன்றாக நடக்கும்போதுதான் முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுகிறது. இந்தக் காயம் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம் வருகிறது. அறுந்தால் மீள ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று இழுக்கும். பலருக்குச் சத்திரசிகிச்சையும் தேவைப்படும்.

சுழல்வதிலும் இதே கதை. பந்தோடு திரும்பும்போது குதியைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் முறுக்காதீர்கள். முன்பாதத்தில் எடையை வைத்து, தோள், இடுப்பு, முழங்கால், பாதம் எல்லாம் சேர்ந்து திரும்ப வேண்டும்.

முதல் பயிற்சிக்குப் போவதற்கு முன் மூன்று நான்கு கிழமைகள் இருந்தால் வீட்டில் இவற்றைச் செய்யுங்கள். இல்லாவிட்டாலும் போங்கள், பயிற்சியோடு சேர்த்துச் செய்யுங்கள். சாப்பாட்டு மேசைக் கதிரையில் கையூன்றாமல் மெல்ல உட்கார்ந்து எழும்புவது, பத்துத் தடவை. அது இலேசாக வந்ததும் ஒரு காலில் அதிகம் எடை வைத்து. படிக்கட்டின் கடைசிப் படியில் நின்று ஒரு காலை மெதுவாகக் கீழே இறக்கித் தரையைத் தொட்டுவிட்டு மேலே வருவது. இதைக் கண்ணாடிக்கு முன்னால் செய்தால் முழங்கால் உள்ளே சரிகிறதா என்று தெரியும். குதிக்காலைத் தூக்கி முன்பாதத்தில் எழும்புவது. பல் தீட்டும்போது ஒற்றைக் காலில் நிற்பது; அதில் தள்ளாட்டம் நின்றதும் கண்ணை மூடிக்கொண்டு, கைகழுவும் பேசினைத் தொட்டபடி. இவையெல்லாம் பழகிய பிறகு சின்னத் துள்ளல்கள்: முன்னோக்கித் துள்ளி இரண்டு காலில் இறங்கி, மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்பது. பிறகு பக்கவாட்டில். பிறகு ஒரு காலில். இளையவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால், அவன் உங்களைவிட நன்றாக நிற்பான், அதையும் பார்க்கலாம். கிழமைக்கு இரண்டு மூன்று நாள், இருபது நிமிடம். அதற்கு மேல் வேண்டாம்.

அவுஸ்திரேலிய வலைப்பந்துச் சம்மேளனம் 'நீ புரோகிராம்' ('நீ' என்றால் ஆங்கிலத்தில் முழங்கால்) என்ற சூடேற்றும் பயிற்சித் தொகுப்பை இலவசமாகவே வைத்திருக்கிறது. சிறுவர், பொழுதுபோக்கு ஆட்டக்காரர், உயர்மட்டம் என்று தனித்தனியாக இருக்கும். பொழுதுபோக்குப் பகுதியின் காணொளிகளைப் பாருங்கள். நான் எழுத்தில் விளக்க முயல்வதெல்லாம் அங்கே கண்ணுக்குத் தெரியும்.

இனி உங்கள் இடது முழங்கால். கடிதத்தை வைத்து நோயைச் சொல்வது சரியல்ல. ஆனால் உங்கள் வயதில், வீக்கமில்லாமல், படி இறங்கும்போது மட்டும் முன்பக்கம் நோவது பெரும்பாலும் முழங்காற் சில்லைச் சுற்றி வருகிற நோவு. அதற்கு ஓய்வு மருந்தல்ல. தொடையையும் இடுப்புப் பக்கத்தையும் பலப்படுத்துவதுதான் வழி, மேலே சொன்ன பயிற்சிகளே அதற்கும் பொருந்தும். செய்யும்போது பத்துக்கு மூன்று அளவுக்குள் நோவு இருந்து, மறுநாளைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பரவாயில்லை, தொடரலாம். மறுநாளும் கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள். முழங்கால் வீங்கினாலோ, மடக்கிய நிலையில் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது திடீரென்று விட்டுப்போனாலோ ஆடுகளத்துக்குப் போக முன்னர் யாரிடமாவது காட்ட வேண்டும். இங்கிலாந்தின் பல பகுதிகளில் என்.எச்.எஸ் என்ற அரச மருத்துவ சேவையின் இயன்மருத்துவரிடம் ஜி.பி.யின், அதாவது குடும்ப மருத்துவரின், கடிதம் இல்லாமலே நேரடியாகப் பதிந்துகொள்ளலாம், உங்கள் ஜி.பி. வரவேற்பில் கேட்டால் வழி சொல்வார்கள்.

எடையைக் குறைத்துவிட்டுத்தான் வருவேன் என்று சொல்லிப் போன பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் அனேகர் திரும்பி வரவே இல்லை. எடை கூடினால் இறங்கும்போது விசையும் கூடும் என்பது உண்மைதான். அதற்குப் பதில் காலைப் பலப்படுத்துவது, முதல் மாதம் பாய்ச்சலைக் குறைத்து ஆடுவது, இடையிடையே மாறி உட்காருவது. அந்தப் பயிற்சிகளில் யாரும் இடைவிடாமல் ஆடத் தேவையில்லை, மாறி மாறி இறக்குவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பெண்கள் இதைக் கேட்பதே இல்லை. இரண்டு பிள்ளை பெற்ற பிறகு துள்ளும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கொஞ்சம் கசிவது மிகச் சாதாரணம். ஆடுகளத்தில் முதல் பாய்ச்சலிலேயே அது தெரியவரும். வெட்கத்தில் அடுத்த கிழமை வராமல் நின்றுவிடுவார்கள், காரணம் யாருக்கும் தெரியாது. பயிற்சிக்கு வந்திருக்கும் மற்றத் தாய்மாரில் பாதிப் பேராவது அதே காரணத்துக்காகக் கறுப்பு லெகிங்ஸ் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி ஒரு தடவைக்கு எட்டு, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம்; இதுதான் இந்த நாட்டு மருத்துவ வழிகாட்டல். சிறுநீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்ளே இழுத்து மேலே தூக்க வேண்டும், மூச்சைப் பிடிக்கக் கூடாது. சரியாகச் செய்கிறோமா என்று சந்தேகம் இருந்தால் பெண்கள் நல இயன்மருத்துவரிடம் அனுப்பச் சொல்லி ஜி.பி.யிடம் கேளுங்கள். அங்கே பெரும்பாலும் பெண்கள்தான் இருப்பார்கள். கீழே ஏதோ இறங்குவதுபோல் பாரமாக இருந்தால் துள்ளலை நிறுத்திவிட்டு முதலில் அங்கே போங்கள்.

உடுப்பு: லெகிங்ஸ் அல்லது நீளக் காற்சட்டை, தளர்வான ரீசேர்ட், போதும். குட்டைப் பாவாடையோடு கூடிய சட்டையைக் கழகங்கள் போட்டிகளில் அணியும். தொடக்கப் பயிற்சியில் யாரும் கேட்க மாட்டார்கள். மார்பை நன்றாகத் தாங்கும் விளையாட்டு உள்ளாடை ஒன்றுக்கு மட்டும் காசைப் பார்க்காதீர்கள்.

சப்பாத்து விஷயத்தில் பலர் பிழை விடுகிறார்கள். மெத்தென்று உயர்ந்த அடிப்பாகம் கொண்ட ஓட்டச் சப்பாத்து நேராக ஓடுவதற்கானது. பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது அது கவிழ்ந்து கணுக்காலைச் சுளுக்கும். வலைப்பந்தில் மிக அதிகமாக வரும் காயம் கணுக்கால் சுளுக்குத்தான். வலைப்பந்துக்கென்றே விற்கும் சப்பாத்தை இரண்டு மாதம் போய் ஆட்டம் பிடித்த பிறகு வாங்கலாம். அதுவரை ரெனிஸ் சப்பாத்து இருந்தால் போதும். உள்ளரங்கில் பயிற்சி என்றால் பட்மின்ரன் சப்பாத்தும் சரி. ஆனால் வெளியே தார்த்தரையில் அதன் இறப்பர் அடி சீக்கிரம் தேய்ந்துவிடும். இங்கே பனிக்காலப் பயிற்சிகள் பல திறந்தவெளியில் மின்வெளிச்சத்தில்தான் நடக்கின்றன. தரை ஈரமாக இருந்தால் பாய்ந்து பிடிப்பதை அன்றைக்கு மறந்துவிடுங்கள்.

அடுத்தது நகை, எங்கள் பெண்கள் கட்டாயம் மாட்டிக்கொள்கிற இடம். ஆட்டம் தொடங்க முன் நடுவர் கையை நீட்டச் சொல்லி நகம் பார்ப்பார். நகம் குட்டையாக, மழுமழுவென்று இருக்க வேண்டும். தோடு, வளையல், சங்கிலி எல்லாம் கழற்ற வேண்டும். திருமண மோதிரத்துக்கு மட்டும் மேலே ரேப் சுற்றி ஆட இடம் கொடுப்பார்கள். தாலிக்கொடியை நடுவர் சங்கிலியாகத்தான் பார்ப்பார். எதிராளியின் விரல் கொடிக்குள் மாட்டினால் கழுத்துக்கும் கேடு, விரலுக்கும் கேடு, கொடியும் அறும். பயிற்சி நாளில் வீட்டிலேயே கழற்றி சாமியறையில் வைத்துவிட்டு வருகிற பெண்களை எனக்குத் தெரியும். அது மனதுக்கு ஒப்பவில்லையென்றால் முன்கூட்டியே பயிற்றுநரிடம் கதையுங்கள், ஆடுகளத்தில் வைத்து வாதாட வேண்டாம். மூக்குத்தி புதிதாகக் குத்தியிருந்தால் புண் ஆறிக் கழற்றக்கூடிய நிலை வரும்வரை பொறுங்கள்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டு ஓடாதீர்கள். ஒரு வாழைப்பழமோ ஒரு துண்டுப் பாணோ போதும், மிச்சம் வந்து சாப்பிடலாம். கந்தசஷ்டி போன்ற விரத நாளில் பயிற்சி வந்தால் அன்று போய்ப் பார்த்துக்கொண்டிருங்கள், ஆட வேண்டாம். விற்றமின் டி பற்றியும் ஒரு வார்த்தை: எங்களைப் போல் கறுத்தத் தோல்காரர் இந்த நாட்டில் வருடம் முழுவதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்லி என்.எச்.எஸ் சொல்கிறது. எலும்புக்கும் தசைக்கும் அது தேவை.

முதல் நாள் எப்படி இருக்கும்? 'பாக் டு நெட்போல்' இங்கிலாந்து வலைப்பந்துச் சம்மேளனம் 16 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்காக நடத்துவது. தகுதிபெற்ற பயிற்றுநர் இருப்பார். உடலைச் சூடேற்றி, எறிந்து பிடித்து, கடைசியில் சின்ன ஆட்டம் ஒன்று விடுவார்கள். "நான் புதிது, முழங்கால் கொஞ்சம் நோகும்" என்று தொடக்கத்திலேயே பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள். முதல் அரைமணி நேரத்தில் உங்கள் கால் பிழைத்து நாலைந்து தடவை விசில் ஊதுவார்கள். பத்து வருடம் ஆடியவர்களுக்கும் ஊதுகிறார்கள். பந்தைக் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.

சத்தம் போடத் தயாராக இருங்கள். பந்து வைத்திருப்பவரின் பக்கத்தில் நின்றுகொண்டு "ஹியர் இஃப் யூ நீட்!" என்று கூவுவது இங்கே வலைப்பந்தின் அடையாளம் மாதிரி. வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், எறி என்று அர்த்தம். எங்கள் பெண்கள் பலர் வடிவாக ஓடி வெறும் இடத்துக்கு வந்துவிட்டு, வாய் திறக்காமல் நிற்பார்கள். பந்து வராது. பிறகு "வெள்ளைக்காரிகள் எனக்குப் பந்து தருவதில்லை" என்று மனவருத்தம். சில இடங்களில் அப்படியும் நடக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் கூவிப் பாருங்கள். ஆட்டம் முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போனால் நீங்களும் போங்கள். அடுத்த கிழமை பந்து வருவதற்கு அதுவும் ஒரு வழி.

உங்கள் கணவரின் பயம் முழுவதும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். வலைப்பந்தில் காயம் வரும். ஆனால் எங்கள் பழைய மாணவர் சங்கத் துடுப்பாட்டப் போட்டிக்கு, உடலைச் சூடேற்றாமல் காரிலிருந்து இறங்கியபடியே பந்துவீசப் போகும் நாற்பத்தைந்து வயது ஆண்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. மறுநாள் தொடைத்தசையைப் பிடித்துக்கொண்டு எங்களிடம்தான் வருகிறார்கள். பயத்தை வேறு விதமாகப் பயன்படுத்தலாம்: பயிற்சி நாளில் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொண்டால், நீங்கள் பத்து நிமிடம் முந்திப் போய் வடிவாக உடலைச் சூடேற்றலாம். அவசரமாக ஓடிப்போய் நேரே ஆட்டத்துக்குள் குதிப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

காயம் வந்தால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று தெரிந்திருக்கட்டும். கணுக்கால் சுளுக்கி நாலு எட்டுக்கூட வைக்க முடியாவிட்டால், அல்லது கணுக்காலின் இரண்டு பக்க எலும்புமுனையின் பின்விளிம்பை அழுத்தும்போது கடுமையாக நொந்தால், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மற்றச் சுளுக்குகளுக்கு முதல் நாட்களில் சுற்றிக் கட்டி, காலை உயர்த்தி வைத்து, தாங்கும் அளவுக்கு நடக்கத் தொடங்கலாம். கிழமைக்கணக்கில் கட்டிலில் கிடக்கத் தேவையில்லை. எண்ணெய் போட்டு இழுத்து நீவுவதை முதல் இரண்டு மூன்று நாளுக்குச் செய்ய விடாதீர்கள், யார் சொன்னாலும். முழங்காலில் 'டக்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் வீங்கினால் காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள். விரல் நுனியில் பந்து பட்டு வீங்கினால் பக்கத்து விரலோடு சேர்த்து ரேப் சுற்றலாம். விரல் நுனியை நீட்டவே முடியாமல் தொங்கினால் அது வெறும் சுளுக்கல்ல, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சில மாதம் போன பிறகு போட்டி ஆட ஆசை வரும். பயிற்றுநரே உங்கள் பகுதியில் உள்ள கழகத்தையும் கீழ்ப்பிரிவு லீக்கையும் காட்டுவார். போட்டி ஆட்டம் 15 நிமிடமாக நாலு பகுதி. உள்ளூர் லீக்குகளில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. கழகத்தில் சேரும்போது சம்மேளன அங்கத்துவம் எடுப்பீர்கள், காப்புறுதியும் அதோடு வரும். அவசரமில்லை. இரண்டு காலிலும் தனித்தனியாகத் துள்ளி இறங்கி மூன்று எண்ணும்வரை ஆடாமல் நிற்க முடிந்தால் போட்டிக்குப் போகலாம் என்பது என் அளவுகோல். ஓட்டம் போதாது என்று பயந்தால் அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது ஆடிக்கொண்டே வரும்.

நடந்துகொண்டே ஆடும் வலைப்பந்தும் இங்கே இருக்கிறது, வயதானவர்களும் மூட்டு நோவுக்காரரும் விரும்பிப் போகிறார்கள். முழங்கால் ஒத்துழைக்கவில்லையென்றால் சில மாதம் அங்கே ஆடிவிட்டு மாறலாம். மாமியார் ஊரிலிருந்து வந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார் என்றால் அவரையும் கூட்டிப் போகலாம்.

மகள் உங்கள் பயிற்சியில் சேர முடியாது, அது 16 வயதுக்கு மேல். அவளுடைய வயதுக்கு 'பீ நெட்போல்' என்று ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தொகுப்பு இருக்கிறது. பள்ளியில் நடக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், இல்லையென்றால் உங்கள் பயிற்றுநரிடமே அருகிலுள்ள கழகத்தின் சிறுவர் பிரிவு எந்த நாளில் என்று விசாரியுங்கள். இறங்கி நிற்கிற பயிற்சியை இருவரும் வீட்டில் சேர்ந்தே செய்யலாம். ஒன்பது வயது அதைப் பழகுவதற்கு நல்ல வயது. அவளுடைய உயரத்தைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால், விங் அற்றாக் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.